எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு டபுள்ஸ்: நெட்டருகே நிற்கும் பிள்ளை சும்மாவே நிற்கிறதே, என்ன செய்வது?

மூணாங்கிளாஸ் மிஸ் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கோவைக்கு வெளியே ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரியில் டென்னிஸ் ஆடியிருக்கிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் வாயை விட்டதற்குப் பலன், பள்ளியின் டென்னிஸ் பொறுப்பு இப்போது என் தலையில். சுற்றுவட்டாரத்தில் ஐந்து பள்ளிகள் சேர்ந்து பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு போட்டி வைக்கப் போகின்றன. டபுள்ஸ் மட்டும்தான். கையில் இருப்பது பத்து வாரம், எட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு கோர்ட். வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம்.

பிள்ளைகள் தனித்தனியாக ஓரளவு அடிக்கிறார்கள். டபுள்ஸுக்கு ஒருவரை நெட்டருகிலும் ஒருவரைப் பின்னாலும் நிறுத்தினேன். டிவியில் அப்படித்தானே நிற்கிறார்கள்? பின்னால் இருக்கும் இருவரும் ஆடுகிறார்கள், நெட்டருகே இருக்கும் இருவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். நேற்று பாயிண்ட் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் குத்தவைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நடுவில் வரும் பந்தை ஒன்று இருவரும் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் இருவரும் பாய்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

சிவப்புப்பந்து

மிஸ், நான் சென்னையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச். முதலில் ஒரு கேள்வி: என்ன பந்தில் ஆடுகிறீர்கள்? மஞ்சள் பந்து என்றால் மற்றதைப் பேசுவதற்கு முன் அதை மாற்றுங்கள்.

சாதாரணப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. உங்கள் பிள்ளைகள் 125, 130 செ.மீ. இருப்பார்களா? பந்து அவர்கள் தலைக்கு மேலே போகும். அதனால்தான் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று விதியே கொண்டுவந்தது. சிவப்புப் பந்து 75% மெதுவாக வரும், ஆரஞ்சு 50%, பச்சை 25%. எட்டு, ஒன்பது வயதுக்கு ஆரஞ்சு சரியாக இருக்கும்.

நெட்டையும் பாருங்கள். நடுவில் 91.4 செ.மீ. அது 128 செ.மீ. பிள்ளைக்கு மார்பளவு. நம் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் நாலடி நெட்டில் நாம் வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) அடிப்பது போல. ஆரஞ்சுப் பந்துக்கு 80 செ.மீ. வரை இறக்கிக்கொள்ளலாம்.

கோர்ட்டுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆரஞ்சுக் கோர்ட் 60 அடி நீளம். உங்கள் சர்வீஸ் லைனுக்கும் பின்கோடான பேஸ்லைனுக்கும் சரியாக நடுவில், இரண்டிலிருந்தும் 9 அடியில், சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தால் அதுதான் புது பேஸ்லைன். அகலத்துக்குப் புதிதாகக் கோடு வேண்டாம். இப்போது இருக்கும் சிங்கிள்ஸ் ஓரக்கோடே, 27 அடி, டபுள்ஸ் ஓரமாகிவிடும்.

இதைச் செய்துவிட்டு வாருங்கள். நெட்டருகே நிற்பவன் பேச்சை அப்புறம் பேசலாம். முழுக் கோர்ட்டில் அவன் கைக்கு எந்தப் பந்தும் எட்டாது. எட்டாத இடத்தில் நிற்பவன் லேஸ்தான் கட்டுவான்.

பேஸ்லைன் அப்பா

போட்டிக்குப் போகிறீர்கள் என்றால் இதையெல்லாம் விடுங்கள். என் பையன் பத்து வயதுக்கு உட்பட்டோர் டபுள்ஸில் இரண்டு கோப்பை வாங்கியிருக்கிறான். ரகசியம் ஒன்றுதான்: இரண்டு பேரையும் பின்னால் நிறுத்துங்கள், எதிர்ப்பக்கம் நெட்டருகே நிற்கும் பிள்ளையின் தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கி லாப் போடச் சொல்லுங்கள். அந்த வயதில் மேலே வரும் பந்தை ஸ்மாஷ் அடிக்க யாருக்குத் தெரியும்? பத்தில் எட்டு பாயிண்ட் உங்களுக்கு. பத்து வாரத்தில் வாலி கற்றுக்கொடுத்து ஜெயிக்க முடியாது.

சிவப்புப்பந்து

பேஸ்லைன் அப்பா சொல்வது உண்மை, அதுதான் எனக்கு வருத்தம். அந்த ஆட்டம் ஜெயிக்கும். பதினோரு வயது வரை. அப்புறம் எதிராளி வளர்ந்துவிடுவான், லாப்பைத் தரையோடு அடித்து முடிப்பான். அன்றைக்கு உங்கள் பிள்ளைக்கு நெட்டருகே நின்று பழக்கமே இருக்காது. பன்னிரண்டு வயதில் முதன்முறையாக நெட்டருகே போய், ராக்கெட்டால் முகத்தை மூடிக்கொள்ளும் பையன்களை வாராவாரம் பார்க்கிறேன்.

பேஸ்லைன் அப்பா

பன்னிரண்டு வயதுக் கதை பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம் சார். எட்டு வயதில் நாலு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றால் பிள்ளை ராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு செஸ் கிளாஸுக்குப் போய்விடும். ஜெயித்தால்தான் தங்கும்.

சிவப்புப்பந்து

அதுவும் நியாயம்தான், மறுக்கவில்லை. லாப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை, அது விதிக்கு உட்பட்ட அடி. அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். ஆரஞ்சுக் கோர்ட்டில் நெட்டுக்குப் பின்னால் 9 மீட்டர்தான். பிள்ளை நெட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் முதுகுப்பக்கம் ஆறு மீட்டர்தான் மிச்சம். தலைக்கு மேலே போனால் பின்னால் இருப்பவள் குறுக்கே ஓடி எடுக்கட்டும், நெட்டருகே இருப்பவன் அவள் விட்ட பக்கத்துக்கு மாறட்டும். “மாறு!” என்று ஒரு சத்தம் போதும். ஒரு வாரத்தில் வந்துவிடும். லாப்பை மட்டுமே நம்பும் ஜோடி தடுமாறுவது அங்கேதான். நாலாவது லாப்பும் திரும்பி வந்தால் ஐந்தாவதை வெளியே போடுவார்கள்.

ஓய்வுபெற்ற பி.டி.

டீச்சரம்மா, நான் திருச்சிப் பக்கம் முப்பத்திரண்டு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன். டென்னிஸ் கோர்ட் இல்லாத பள்ளிதான். ஆனால் ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கும் டென்னிகாய்ட் டபுள்ஸில் என் பிள்ளைகள் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறார்கள். உங்கள் தொல்லை எனக்குப் பழக்கம்.

நடுப்பந்துக் குழப்பத்துக்கு ராக்கெட்டைக் கீழே வைத்துவிடுங்கள். ரப்பர் வளையம் உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் கண்டிப்பாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். வளையம் நெட்டைத் தாண்டும் முன்பே “நான்!” என்று கத்திவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். கத்தாமல் பிடித்தால் எதிர்ப்பக்கத்துக்குப் பாயிண்ட். பிடிப்பது சுலபம் என்பதால் பிள்ளையின் முழுப் புத்தியும் “இது யாருக்கு?” என்பதில் இருக்கும். ராக்கெட் கையில் இருந்தால் அடிப்பதிலேயே புத்தி போய்விடும், வாய் திறக்காது.

கிரிக்கெட் ஆடாத பிள்ளை நம் ஊரில் கிடையாது. ரன் ஓடும்போது “யெஸ், நோ, வெயிட்” சொல்லத் தெரிந்தவனுக்கு இதைப் புதிதாகவா சொல்லித் தர வேண்டும்? மூன்று சொல் போதும்: நான், நீ, விடு. “எனக்கு”, “உனக்கு” வேண்டாம், சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும். ஒரு எச்சரிக்கை: “நீ” என்ற சொல்லை முதல் மாதம் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் “நீ, நீ” என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருக்க, பந்து நடுவில் விழும். கல்யாணப் பந்தியில் கடைசி வடையைப் போல.

மூணாங்கிளாஸ் மிஸ்

வடைக்கு நன்றி சார், ஸ்டாஃப் ரூமே சிரித்தது. வளையம் நாலு கிடைத்தது, ஒன்று எலி கடித்தது.

ஆரஞ்சுப் பந்து வாங்கியாயிற்று, கோடு போட்டாயிற்று. உடனே ஒரு மாற்றம்: முன்பு மூன்று ஷாட்டுக்கு மேல் போகாத ரேலி (விடாமல் மாறி மாறி அடிப்பது) இப்போது எட்டு, ஒன்பது போகிறது. ஆனாலும் நெட்டருகே இருப்பவர் தொடுவது குறைவுதான். இன்னொன்று, யார் சர்வ், யார் எந்தப் பக்கம் என்பதற்கே பாதி நேரம் போகிறது. ஒவ்வொரு கேமுக்கும் பிள்ளைகள் இடம் மாறி நிற்கிறார்கள்.

சிவப்புப்பந்து

வரிசையை வாயால் விளக்காதீர்கள். டியூஸ் பக்கம் (நெட்டைப் பார்த்து நின்றால் வலது) ரிட்டர்ன் எடுப்பவளுக்கு மஞ்சள் ரிப்பன், ஆட் பக்கம் (இடது) எடுப்பவனுக்கு நீல ரிப்பன், மணிக்கட்டில். செட் முடியும் வரை ரிட்டர்ன் பக்கம் மாறாது, இது விதி. சர்வ் மட்டும் நாலு பேருக்கும் சுற்றி வரும். நெட்டுக் கம்பத்தில் ஒரு அட்டையில் நாலு கிளிப் மாட்டி, கேம் முடிந்ததும் அவர்களே அடுத்த கிளிப்பைத் திருப்பட்டும்.

வலதுகைக்காரரை ஆட் பக்கம் போட்டால் அவருடைய ஃபோர்ஹேண்ட் நடுவில் இருக்கும். நடுப்பந்து அவருடையது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இடதுகைப் பிள்ளை இருந்தால் டியூஸ் பக்கம்.

நெட்டருகே தொடாத பிரச்சினைக்கு என் வழி இது. பின்னால் இருக்கும் இருவரும் குறுக்காகவே அடிக்க வேண்டும். குறுக்கே நீளம் அதிகம், நெட்டும் நடுவில்தான் தாழ்வு. கம்பத்தருகே 107 செ.மீ., நடுவில் 91.4. அதனால் பின்னால் இருப்பவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பான அடி. நெட்டருகே இருப்பவனுக்கு ஒரு வேலை: பந்து எதிராளி ராக்கெட்டில் படும்போது நடுவை நோக்கி ஒரு அடி வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும். தொட்டால் இரண்டு பாயிண்ட், அடி நெட்டில் போனாலும் ஒரு பாயிண்ட். ஆமாம், தப்பாக அடித்தாலும் ஒன்று. நாலு பாயிண்டுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றுங்கள். இரண்டு வாரம் கணக்கைக் கெடுத்து ஆடினால் மூன்றாவது வாரம் நெட்டருகே போகச் சண்டை போடுவார்கள்.

இன்னொரு பயிற்சி. ஒரு பழைய துப்பட்டாவின் இரண்டு முனையையும் ஜோடி ஆளுக்கு ஒன்றாக, ராக்கெட் இல்லாத கையில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் எதிர்ப்பக்கம் பந்தை இடமும் வலமும் உருட்டுங்கள். துணி தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒருவர் ஓரத்துக்குப் போனால் மற்றவர் நடுவை மூட வேண்டும் என்பது சொல்லாமலே புரியும்.

இடதுகை அம்மா

நான் ஆடுபவள் இல்லை, அம்மா. பயிற்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஜோடி போடுவதைப் பற்றி ஒன்று. என் மகளை ஒன்பது வயதில் ஒரு அகாடமியில் விட்டிருந்தோம், பெயர் வேண்டாம். அவளுடைய பார்ட்னர் நன்றாக ஆடும் பையன். கோச் அவனிடம், “உன் பந்து, அவள் பந்து, எல்லாவற்றையும் நீயே எடு” என்றார். அவள் காதுபடத்தான். அவள் ஓரக்கோட்டருகே ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் “சாரி” சொல்லுவாள், அவன் விட்ட பந்துக்கும் சேர்த்து. வீட்டில் அப்பா கையிலிருந்து தண்ணீர் டம்ளர் விழுந்தால்கூட இவள் “சாரி” என்றபோதுதான் எனக்கு உறைத்தது. நிறுத்திவிட்டோம். இப்போது ஷட்டில் ஆடுகிறாள், சந்தோஷமாக.

பலமான பிள்ளையையும் பலவீனமான பிள்ளையையும் சேர்த்து “சமன்” செய்யும் முன் யோசியுங்கள் மிஸ்.

மூணாங்கிளாஸ் மிஸ்

படித்துவிட்டு நேற்று கோர்ட்டில் எண்ணிப் பார்த்தேன் அம்மா. முக்கால் மணி நேரத்தில் ஒரே பெண் இருபத்து மூன்று “சாரி”. இன்று முதல் கோர்ட்டில் “சாரி”க்குத் தடை. பாயிண்ட் போனாலும் வந்தாலும் ராக்கெட்டோடு ராக்கெட் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஜோடியை எப்படிப் போடுவது? பத்து வாரமும் ஒரே ஜோடியா, மாற்றி மாற்றியா?

பேஸ்லைன் அப்பா

ஒரே ஜோடி. அமெரிக்க டபுள்ஸ் ஆட்டக்காரர்கள் பிரையன் சகோதரர்களைப் பாருங்கள். ஆறு வயதில் பத்து வயதுக்கு உட்பட்டோர் டபுள்ஸை ஜெயித்தவர்கள், கடைசி வரை அதே ஜோடி. சேர்ந்து 16 கிராண்ட்ஸ்லாம்.

சிவப்புப்பந்து

அவர்கள் இரட்டையர் சார், ஒரே அறையில் தூங்கியவர்கள்! அந்தக் கதையில் நீங்கள் விட்டது ஒன்று இருக்கிறது. சின்ன வயதுப் போட்டிகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தால் பெற்றோர் ஆடவிட மாட்டார்கள். இந்த முறை ஒருவர் விலகுவார், அடுத்த முறை மற்றவர். இருவரில் யார் பெரியவன் என்ற கேள்வியே கோர்ட்டில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதை நம் பெற்றோரில் எத்தனை பேர் செய்வோம்?

மறுபக்கம் லியாண்டர் பயஸ் இருக்கிறார், சென்னையில் அம்ரித்ராஜ் அகாடமியில் வளர்ந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட பார்ட்னர்களோடு ஆடி, ஆண்கள் டபுள்ஸில் 8, கலப்பு இரட்டையரில் 10 என்று 18 கிராண்ட்ஸ்லாம் எடுத்தார். யாரோடு நின்றாலும் அரை மணியில் ஒத்துப்போகத் தெரிவதும் ஒரு திறமைதான்.

மிஸ், ஏழு வாரம் எல்லோரும் எல்லோரோடும். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு ஏழு பார்ட்னர், வாரம் ஒருவர், கணக்கு அழகாக வருகிறது. கடைசி மூன்று வாரம் ஜோடியை உறுதி செய்யுங்கள். யார் பலம் என்று பார்க்காதீர்கள். எந்த இருவர் பாயிண்ட் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களைச் சேருங்கள். தலையைத் திருப்பிக்கொள்ளும் ஜோடி நாலு கேமுக்கு மேல் தாங்காது.

ஓய்வுபெற்ற பி.டி.

போட்டிக்கு முன் லைன் கால் சொல்லித் தர மறக்காதீர்கள். இந்த மாதிரிப் போட்டியில் அம்பயர் இருக்க மாட்டார். உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்களே தீர்ப்பு. ஒருவர் “அவுட்” என்று சொல்லி, மற்றவர் “இன்” என்றால் பந்து இன். சந்தேகம் என்றாலும் இன். பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரியும். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்களுக்குத்தான் நேரம் எடுக்கும்.

மூணாங்கிளாஸ் மிஸ்

போட்டி நேற்று முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தப்பு. ஜோடிகளை மூன்று வாரம் முன்பே முடிவு செய்திருந்தேன். போட்டிக்கு இரண்டு நாள் முன் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள். “நன்றாக ஆடும் இருவரையும் ஒன்றாகப் போட்டால் கோப்பை நிச்சயம் மிஸ்” என்றார்கள். நானும் மயங்கிவிட்டேன். இரண்டு ஜோடியைக் கலைத்து, பலமான இருவரையும் சேர்த்தேன். ஏழு வாரச் சுற்றில் அவர்கள் ஒரு வாரம்தான் சேர்ந்து ஆடியிருந்தார்கள். போட்டியில் நடுப்பந்து ஒவ்வொன்றுக்கும் இருவருமே “நான்!” ஒருமுறை இரண்டு ராக்கெட்டும் பந்தைத் தொட்டு பாயிண்ட் போனது. அது விதி என்றுகூட அவர்களுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. முதல் சுற்றிலேயே 4-1 என்று தோற்றார்கள். அதில் ஒருவனின் பழைய பார்ட்னர் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கலைக்காத இரண்டு ஜோடியில் ஒன்று அரையிறுதி வரை போனது. எதிரே பேஸ்லைன் அப்பா சொன்ன அதே ஆட்டம்: இருவரும் பின்னால், லாப், லாப், லாப். முதல் இரண்டு கேம் போயிற்று. மூன்றாவதிலிருந்து “மாறு!” கேட்கத் தொடங்கியது. எதிர்ப் பிள்ளைகள் ஐந்தாவது, ஆறாவது லாப்பை வேலியில் போட்டார்கள், கோச் சார் சொன்னபடியே. 3-3, முடிவு செய்ய டைபிரேக். அதில் 5-5. எங்கள் பின்கோட்டில் ஒரு பந்து. லேஸ் கட்டிய அதே பையன் “அவுட்” என்று விரலைத் தூக்கினான். பார்ட்னர் பெண், “இன், நான் பார்த்தேன்” என்றாள். 6-5 அவர்களுக்கு. அடுத்த பாயிண்டில் அவன் நெட்டருகே ஒரு அடி வைத்தான், வாலியை அடித்தான், நெட்டில் போயிற்று. முடிந்தது.

அவன் பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. என்னிடம் மட்டும் வந்து, “மிஸ், தப்பா அடிச்சாலும் ஒண்ணு உண்டுன்னு சொன்னீங்களே?” என்று கேட்டான். அதை மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிட்டோமே என்றேன். “தெரியும், சும்மா கேட்டேன்” என்றான்.

பேஸ்லைன் அப்பா

அரையிறுதி நல்ல முடிவுதான் மிஸ். ஆனால் முதல் கேமிலிருந்தே இருவரையும் பின்னால் போட்டிருந்தால் ஃபைனல் பார்த்திருப்பீர்கள். இதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இடதுகை அம்மா

“இன்” சொன்ன பெண்ணுக்கு என் சார்பில் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள். கூடவே, ஜோடி கலைந்த அந்தப் பெண்ணிடம் நீங்கள் பேசினீர்களா?

மூணாங்கிளாஸ் மிஸ்

பேசினேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். “பரவாயில்ல மிஸ், அடுத்த டெர்ம் நான் நீலம் கட்டிக்கறேன்” என்றாள். அது ஆட் பக்க ரிப்பன்.

அடுத்த டெர்முக்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைப்படை. ஒன்பதாவது பிள்ளையை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பி.டி.

கிளிப் அட்டையை அவன் கையில் கொடுங்கள், ஸ்கோரை உரக்கச் சொல்லட்டும். கேமுக்கு ஒரு ஆள் மாறி வரட்டும். அப்புறம் அந்த எலி கடித்த வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காற்றில் ஒருபக்கமாகத் திரும்பும். பிடித்துப் பழக அதுதான் நல்லது.